மூன்றாவது கியருக்கு ஒரு பின்

சேசு மரி சூசை துணை

விழுப்புரம்
20.01.2026, செவ்வாய்

அன்புள்ள தம்பி ஸ்டீபன்ராஜுக்கு,

நானும் உன் மாமாவும் தேவ கிருபையில் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

மாமாவிடம் நீ கொடுத்தனுப்பிய ஆறு பித்தளைப் பின்களும் நேற்றுச் சாயங்காலம் வந்து சேர்ந்தன. ஆறில் ஒன்றுகூட உதவாது. குறுக்களவு 8 மில்லி என்று படத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன். வெர்னியர் வைத்துப் பார்த்தால் 7.6, 8.4, 7.7, 8.3, 7.5. கடைசிப் பின் ஒரு முனையில் 8.2, மறு முனையில் 7.8. ஒரே பின்னுக்கு எப்படியடா இரண்டு அளவு வரும்?

போனில் கேட்டால் “சரிக்கா, சரிக்கா” என்று வைத்துவிடுகிறாய். பின்னால் உன் பட்டறையில் லேத் ஓடுகிற சத்தத்தில் நான் சொன்ன அளவு உன் காதில் விழுந்ததா என்றே தெரிவதில்லை. அதனால் இனிமேல் எல்லாம் காகிதத்தில். மாமா தினமும் பாசஞ்சரில் திண்டிவனம் பள்ளிக்கூட ஆபீசுக்கு வருகிறார். போகும்போது என் கடிதம், வரும்போது உன் பதில். “நான் என்ன தபால் பெட்டியா?” என்கிறார். கடலை வறுத்து மல்லாட்டை உருண்டை பன்னிரண்டு பிடித்துப் பையில் வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் எதற்கு என்று நீ கேட்டாயாம். சொல்கிறேன், சிரிக்காதே. மகள் சகாய பிரியா பெங்களூரு வேலைக்குப் போகும்போது அவளுடைய கார் ரேஸ் விளையாட்டுச் சாமான்களை, ஸ்டீயரிங், காலால் மிதிக்கிற பெடல், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும், அப்படியே விட்டுப் போனாள். தூசி தட்டத்தான் அதன் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு வருடம் ஆகிவிட்டது. சமையலும் செபமாலையும் முடிந்த பிறகு ஓட்டுகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு மூன்று மணிக்கு, இருபது பேர் அவரவர் வீட்டிலிருந்தே சேர்ந்து ஓட்டுகிற பந்தயம் உண்டு. புதுச்சேரியில் திருமுருகன் என்ற பையன் நடத்துகிறான். என் பெயரை ‘சூசை’ என்று மட்டும் பதிந்தேன். எல்லாரும் ‘சூசை அண்ணா’ என்கிறார்கள். நான் திருத்தவில்லை.

இந்த வருடம் பழைய கார்கள் மட்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். அதற்குக் கையால் போடுகிற கியர் வேண்டும். கடையில் வாங்கித் தருகிறேன் என்றாள் பிரியா. தம்பி லேத் வைத்திருக்கும்போது கடைக்கு எதற்கு, நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயைத்தான் இப்போது நொந்துகொண்டிருக்கிறேன்.

வேலை பெரிதில்லை. வளைந்து வளைந்து பள்ளம் வெட்டிய மேல் தகட்டை இங்கேயே வெட்டி வாங்கிவிட்டேன். நடுவில் ஒரு கம்பி. பிடித்துக்கொள்ள, பருப்பு கடையும் மத்தின் தலையை அறுத்து மேலே செருகியிருக்கிறேன். கம்பியை எந்தப் பள்ளத்தில் தள்ளினாலும் அங்கே இருக்கும் பின் அழுந்தி, அடியில் உள்ள சுவிட்சைத் தட்ட வேண்டும். ஒரு கியருக்கு ஒரு பின், ஆறு கியருக்கு ஆறு. துளை 8.1. பின் பருத்தால் துளையிலே சிக்கிக்கொள்ளும், இளைத்தால் சாய்ந்து சுவிட்சைத் தொடாமல் போகும்.

பிப்ரவரி ஒன்று, மார்ச் ஒன்று, ஏப்ரல் பன்னிரண்டு, இவை பந்தய நாள்கள். தொடர்ந்து மூன்று தவறினால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அங்கே வண்டிகள் வரிசையாக நிற்கும்போது, இது சூசையின் இடம் என்று ஒன்று இருக்கிறது. எனக்கு அது போகக் கூடாது. 

உன் பெண்டாட்டி அம்சா கிளியனூரிலிருந்து பேசினாள். அவள் அம்மாவுக்கு முட்டி வலியாம். பொங்கலுக்கு முன்னால் போனவள், எப்போது திரும்புவாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

உன் அன்புள்ள அக்கா,
சூசை மேரி

பி.கு. படத்தில் உன் யோசனையைச் சேர்க்காதே.

•

திண்டிவனம்
23.01.26

அக்காவுக்கு தோத்திரம்.

உருண்டை ஒம்பதுதான் வந்துச்சு. மூணு எங்க போச்சுன்னு மாமாவ கேளு.

மாமா ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காரவே நெத்தியில சிலுவை போட்டுக்குவ, நீ ரேஸ் ஓட்டுறியா. சிரிக்காதன்னு எழுதியிருந்த. சிரிச்சிட்டேன். பக்கத்துல வெல்டிங் கடை அரங்கநாதன் கிட்டயும் சொன்னேன், அவனும் சிரிச்சான்.

பின்னு தப்பா போனதுக்கு நான் பொறுப்பு இல்லக்கா. அன்னிக்கி கரண்டு வந்து வந்து போச்சு. லேத்து பாதியில நின்னு பாதியில ஓடுனா அளவு எங்கேர்ந்து வரும். அதுவும் இல்லாம உன் படத்துல எட்டு ஒரு பக்கம் பாத்தா ஆறு மாதிரி இருக்கு. வேற ஆறு போட்டு தரேன். பேஜாரு பண்ணாத.

அம்சா அவ அம்மாவ பாத்துக்கினு இருக்கா. அத பத்தி எழுத வேணாம்.

ஸ்டீபன்

•

சேசு மரி சூசை துணை

விழுப்புரம்
06.02.2026, வெள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

முதல் பந்தயம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மூன்று மணிக்குத் திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினேழாவது இடத்தில் பெயர் இருந்தது, வண்டி இல்லை. “சூசை அண்ணா வரலையா?” என்று யாரோ கேட்டார்கள். வண்டி ரிப்பேர் என்று எழுதிப் போட்டேன். உண்மைதானே.

உன் இரண்டாவது ஆறு செவ்வாய்க்கிழமை வந்தன. 8.3, 7.7, 8.0, 7.6, 8.4, 7.8. பருத்ததை உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தேன், வட்டம் கோணிப் போய்விட்டது. இளைத்ததற்கு டேப் சுற்றிப் பார்த்தேன், பத்தாவது தடவையில் டேப் சுருண்டு துளைக்குள் போய் அடைத்துக்கொண்டது. அதைக் கழற்றி எடுக்கும்போது சுவிட்ச் ஒயர் அறுந்தது. திரும்ப ஈயம் வைக்கையில் ஆள்காட்டி விரல் பொசுங்கியது. இந்த விரலால்தான் நேற்று முழுவதும் மாவு கரைத்தேன்.

ஆறில் ஒன்று சரியாக இருந்தது. அதை மூன்றாவது கியருக்கு வைத்திருக்கிறேன். வளைவுகளில் அதுதான் அதிகம் புழங்கும். மற்ற பதினொன்றையும் இந்தப் பையில் திருப்பி அனுப்பியிருக்கிறேன், உருக்கிக்கொள்.

நான் எதையும் நோட்டுப் போட்டு எழுதிவைக்கிறவள் என்று உனக்குத் தெரியும். ரூபாய்க் கணக்கு நோட்டை இதற்குள் இழுக்க மாட்டேன். இதற்கென்று தனி நோட்டு வைத்திருக்கிறேன். இடப்பக்கம் நீ சொன்னது, வலப்பக்கம் நான் அளந்ததும் விசாரித்ததும். இடப்பக்கம் முதல் வரி: ‘கரண்டு வந்து வந்து போச்சு.’ வலப்பக்கம்: ‘மாமாவைக் கேட்டேன். பள்ளிக்கூடமும் அதே லைன். அந்த வாரம் முழுக்க ஒரு தடவைகூடக் கரண்ட் போகவில்லை.’ இடப்பக்கம் இரண்டாவது வரி: ‘எட்டு ஆறு மாதிரி இருக்கு.’ வலப்பக்கம்: ‘ஆறு என்று படித்திருந்தால் பின் ஆறு மில்லிக்கு அல்லவா வந்திருக்க வேண்டும்?’

இதுவரை இரண்டு பக்கமும் ஒத்துப்போனதில்லை.

மார்ச் ஒன்றுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஐந்து பின்தான் வேண்டும்.

அக்கா,
சூசை மேரி

•

திண்டிவனம்
11.02.26

அக்கா,

லேத்துல கம்பிய புடிக்கிற சக்கு தேஞ்சி போச்சு. மூணு தாடையும் ஒண்ணா புடிக்க மாட்டேங்குது. அதான் அளவு ஓடுது. இத உன் நோட்டுல எந்த பக்கம் வேணா எழுதிக்க.

ஊர்ல இருக்கற எல்லாரும் என் மேல கணக்கு வெச்சிக்கினு இருக்காங்க. நீயும் ஒண்ணு வெச்சிக்க. அவ்ளோ கஷ்டமா இருந்தா வேற லேத்துல குடு. விழுப்புரத்துல லேத்தா இல்ல.

ஸ்டீபன்

•

சேசு மரி சூசை துணை

விழுப்புரம்
16.02.2026, திங்கள்

தம்பிக்கு,

வேறு லேத்தில் கொடுக்க எனக்குத் தெரியாதா? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒரு மத்தியானத்தில் ஐந்து பின் வாங்கிவந்துவிடுவேன். ஏன் போகவில்லை என்று நீ யோசித்துப் பார். பழைய ஆட்கள் எல்லாம் உன் பட்டறைக்கு வருவதை விட்டுவிட்டார்கள் என்று மாமா சொன்னார். நானும் விடட்டுமா?

சக் தேய்ந்திருந்தால் எல்லாப் பின்னும் ஒரே மாதிரி தவறும். இங்கே ஒன்று பருத்தும் ஒன்று இளைத்தும் வருகிறது. எட்டாவதுதான் படித்தேன், ஆனால் இதற்கென்று உட்கார்ந்து பதினாறு வீடியோ பார்த்திருக்கிறேன். என்னிடம் சக் கதை வேண்டாம்.

நாளை மறுநாள் சாம்பல் புதன். கோயிலுக்குப் போ. நான் இந்தத் தவக்காலம் நாற்பது நாளும் டீயை விடுகிறேன். நீ எதை விடுகிறாய் என்று கேட்க மாட்டேன்.

அக்கா

•

திண்டிவனம்
26.02.26

அக்கா,

ஒண்ணுதான் போட்டிருக்கேன். அளந்து பாரு.

ஸ்டீபன்

•

சேசு மரி சூசை துணை

விழுப்புரம்
02.03.2026, திங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

8.00. மூன்று இடத்தில் அளந்தேன். மேலே 8.00, நடுவில் 8.00, அடியில் 8.01. துளையில் விட்டால் தானாக இறங்குகிறது, ஸ்பிரிங் தள்ளினால் தானாக எழும்புகிறது. சுவிட்ச் ‘டிக்’ என்றது. அடுப்பில் ரசம் பொங்கி வழிகிற வரைக்கும் அதையே தட்டிக்கொண்டிருந்தேன். மாமா வந்து அடுப்பை அணைத்துவிட்டு, “கியர் போட்டது போதும், பிரேக்கு போடு” என்றார்.

அதை முதல் கியரில் வைத்துவிட்டேன். முதலும் மூன்றாவதும் ஆயிற்று. ஆனால் இரண்டு கியரை வைத்துக்கொண்டு பந்தயம் ஓட்ட முடியாது. நேற்று இரண்டாவது பந்தயமும் போனது. திருமுருகன் தனியாக எழுதியிருந்தான்: “அண்ணா, ஏப்ரல் பன்னெண்டும் வரலைன்னா விதிப்படி பேரை எடுத்துடுவேன், தப்பா நினைச்சுக்காதீங்க.” தப்பாக நினைக்கவில்லை. அவனுக்கு வெளியே பதினொரு பேர் காத்திருக்கிறார்களாம்.

ஆக, இன்னும் நான்கு பின், ஆறு வாரம். வாரத்துக்கு ஒன்று போட்டால்கூடப் போதும். இப்போது வந்த மாதிரி.

கருவாட்டுக் குழம்பு கேட்டாயாம். தவக்காலம் முடியட்டும். இப்போதைக்குக் கேப்பை அடை வைத்திருக்கிறேன், முருங்கைக் கீரை நிறையப் போட்டது.

அன்புள்ள அக்கா,
சூசை மேரி

•

சேசு மரி சூசை துணை

விழுப்புரம்
20.03.2026, வெள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று வந்த இரண்டும் 8.00, 7.99. போன வாரம் வந்தவையும் அப்படியே. இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு எல்லாம் உட்கார்ந்துவிட்டன. முதல் கியரின் பின்னோடு சேர்த்து, கடைசியாக வந்த ஐந்தும் சரி. இன்று மத்தியானம் ஆறு கியரையும் வரிசையாக நூறு தடவை போட்டுப் பார்த்து எழுதிவைத்தேன். நூற்றில் தொண்ணூற்றாறு விழுந்தது. விழாத நான்கும் என் கைப் பதற்றம்.

சந்தோஷமாக இருக்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜனவரியில் ஆறு, பிப்ரவரி முதல் வாரத்தில் ஆறு, பன்னிரண்டில் பதினொன்று தப்பு. சாம்பல் புதனுக்குப் பிறகு வந்தது ஐந்து, ஐந்தும் சரி. லேத் அதே லேத். சக் அதே சக். கரண்ட் அதே கரண்ட். நடுவில் மாறியது என்னவென்று எனக்குத் தெரிகிறது, தம்பி. அம்சா எதற்குக் கிளியனூர் போனாள் என்பதும் தெரியும். நான் கேட்கமாட்டேன் என்று சொன்னதால் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

அதை விட்டுவிட்டாய் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தினமும் செபத்தில் உனக்காகக் கேட்கிறவள், கேட்டது கிடைத்ததா இல்லையா என்று வெர்னியர் வைத்தா தெரிந்துகொள்ள வேண்டும்?

அக்கா,
சூசை மேரி

•

திண்டிவனம்
24.03.26

அக்கா,

நீ பின்ன அளக்கல. என்ன அளந்துக்கினு இருக்க.

நான் எத விட்டேன் எத புடிச்சேன்னு எங்கயும் எழுதிவெக்கல. நீ எழுதி வெச்சிருக்க. தேதி போட்டு. இதே மாதிரிதான் அம்சாவும் காலண்டர்ல பேனாவால வட்டம் போட்டுக்கினு இருந்தா. இன்னிக்கி வட்டம், நேத்து வட்டம். ஒரு நாள் காலண்டர கிழிச்சி போட்டுட்டேன், அவ கெளம்பி போயிட்டா.

அஞ்சு பின்னு நல்லா போட்டு குடுத்தேன். நல்லா இருக்குன்னு மட்டும் எழுதியிருக்கலாம்ல.

உன் வேல முடிஞ்சிது. இனிமே எனக்கு லெட்டர் வேணாம்.

ஸ்டீபன்

•

சேசு மரி சூசை துணை

விழுப்புரம்
30.03.2026, திங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

லெட்டர் வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்கத்தான் பார்த்தேன். ஆறு நாள் இருந்தேன்.

அளந்தது தப்பில்லை. அளந்ததை உன் முகத்துக்கு நேராக நீட்டியது தப்பு. பருப்பில் உப்பு அதிகம் என்று மாமா சொன்னாலே எனக்கு இரண்டு நாள் பேச்சு வராது. உன் ஐந்து பின்னும் நன்றாக இருக்கின்றன. மிகவும் நன்றாக இருக்கின்றன. இதை முதலில் எழுதி அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நேற்று குருத்து ஞாயிறு. பூசை முடிந்து வந்து குருத்தோலையைப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, பழக உட்கார்ந்தேன். நாற்பதாவது சுற்றில் மூன்றாவது கியர் ஒடிந்தது. பிப்ரவரியில் வந்ததில் தப்பித்த ஒன்று, அதே பின்தான். அளவு 8.0 இருந்ததே ஒழிய, ஸ்பிரிங் மாட்டுகிற கழுத்துப் பள்ளம் ஆழமாகப் போயிருக்கிறது. வெளியே பார்த்தால் தெரியவில்லை. தலை தனியாக, உடம்பு தனியாக என் கையில் கிடந்தது. அப்படியே மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டேன். மாமா பயந்துபோய், “என்னாடி, ஆக்சிடெண்டா?” என்றார்.

ஒடிந்த துண்டுகளைப் பையில் வைத்திருக்கிறேன், பார். இன்னும் ஒரே ஒரு பின். ஏப்ரல் பன்னிரண்டுக்கு முன்னால். வேறு எங்கும் போய்க் கேட்க மனமில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

அக்கா,
சூசை மேரி

•

திண்டிவனம்
01.04.26

அக்காவுக்கு தோத்திரம்.

ஒடிஞ்ச துண்ட பாத்தேன். என் தப்புதான்.

ஒண்ணு பண்றேன். இந்த வாரம் பூரா ஒரு பம்ப் செட்டு ஷாஃப்ட்டு வேல நிக்குது, பெருமுக்கல் பக்கத்து ஆளு வந்து உக்காந்துக்கினு இருக்காரு. வெள்ளிக்கிழம பெரிய வெள்ளி, ஒருத்தரும் வர மாட்டாங்க. பட்டறைய உள்பக்கம் சாத்திக்கினு நிம்மதியா உன் மூணாவது கியர போடறேன். கழுத்த நிதானமா எடுக்கணும், அதுக்கு அந்த நாள்தான் தோது. சனிக்கிழம நானே ரயில் ஏறி வந்து குடுத்துட்டு, ராத்திரி ஈஸ்டர் பாஸ்கா பூசைக்கு உன் கூடவே வர்றேன்.

கை இப்ப நல்லா நிக்குது அக்கா. அதான் சொல்றேன்.

ஸ்டீபன்

•

சேசு மரி சூசை துணை

விழுப்புரம்
02.04.2026, பெரிய வியாழன், காலை

அன்புள்ள தம்பிக்கு,

மாமா ரயிலுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார், அவசரமாக எழுதுகிறேன்.

பெரிய வெள்ளியன்று இரும்பைத் தொடாதே. ஆண்டவரை ஆணியில் அறைந்த நாள். அப்பா அன்று ஆணிப் பெட்டியையே துணி போட்டு மூடிவைப்பார், மறந்துவிட்டாயா? என் விளையாட்டுச் சாமானுக்காக நீ அன்று லேத்தை ஓட்டினால், அந்தப் பின்னை என்னால் கையில் தொட முடியாது. பாவம் எனக்கா உனக்கா என்று தெரியாமல் நான் பந்தயம் ஓட்ட வேண்டாம்.

அன்று கோயிலுக்குப் போய் சிலுவைப்பாதை செய். ஈஸ்டர் முடிந்து திங்கட்கிழமை போடு. அதற்குப் பிறகும் ஆறு நாள் இருக்கிறது, தாராளம். சனிக்கிழமை பின் இல்லாமலே வா.

அக்கா

•

திண்டிவனம்
10.04.26

அக்கா,

பைய தேடாத. பின்னு இல்ல.

சனிக்கிழம ஏன் வரலன்னு போன்ல கேட்ட, ஷாஃப்ட்டு வேல முடியலன்னு சொன்னேன். அது நெசம். அதுக்கு அப்புறம் நடந்தத சொல்லல.

ஞாயித்துக்கிழம காலைல இங்க ஈஸ்டர் பூசை முடிஞ்சி வெளிய வந்தேன். எல்லாரும் வாழ்த்து சொல்லிக்கினு இருந்தாங்க. நாப்பது நாள் முடிஞ்சிடுச்சின்னு தோணுச்சு. என்ன யாரும் கூப்புடல, எப்பவும் கூப்புடற அரங்கநாதன் கூட ஊர்ல இல்ல. நானாத்தான் போனேன். குடிச்சேன். திங்கள் செவ்வாயும் அப்படியே போச்சு.

புதன்கிழம லேத்த போட்டு உன் பின்ன எடுத்தேன். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. வெர்னியர் வெச்சேன், 7.7. கழுத்துலயும் ஆழம் போயிருக்கு. முன்னல்லாம் அத பையில போட்டு ஏதாச்சும் ஒண்ணு எழுதி அனுப்பியிருப்பேன். பேனாவ எடுத்து கரண்டுன்னு எழுதிட்டேன். அந்த பேப்பர கிழிச்சிட்டு இத எழுதறேன்.

கரண்டு போகல. சக்கு நல்லா இருக்கு. கைதான் நிக்கல.

பெரிய வெள்ளியன்னிக்கே போட்டிருந்தா சரியா வந்திருக்கும். உன்ன குத்தம் சொல்ல எழுதல. நான் நாப்பது நாள எண்ணிக்கினே இருந்தேன்னு உனக்கு தெரியாது. எனக்கு தெரியும், நான் சொல்லியிருக்கணும்.

ஞாயித்துக்கிழம உன் பேரு போயிடும். தெரிஞ்சிதான் வெறும் பைய அனுப்பறேன். தப்பான பின்ன குடுத்து அனுப்ப மனசு வரல.

ஸ்டீபன்

•

சேசு மரி சூசை துணை

விழுப்புரம்
13.04.2026, திங்கள்

அன்புள்ள தம்பி ஸ்டீபன்ராஜுக்கு,

கோபம் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பையை மூன்று தடவை உதறினேன். பிறகு உன் கடிதத்தைப் படித்தேன். படித்துவிட்டு, சுட வைத்த கருவாட்டுக் குழம்பை மாமாவுக்கு ஊற்றிவிட்டு, நான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனேன். பெரிய வெள்ளியன்று நீ வேலை செய்கிறேன் என்றதையும் நான் தடுத்ததையும் சொன்னேன். “அன்னைக்கு ஆஸ்பத்திரியில நர்சம்மா ஊசி போடலையா?” என்று கேட்டார். “அது உயிர் காக்கற வேலை சாமி” என்றேன். “இது என்ன வேலைன்னு உங்களுக்குத் தெரியலையே அம்மா” என்றார். வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். கை நன்றாக நிற்கிறது என்று நீ எழுதியிருந்தாய். நான் கிழமையைப் பார்த்தேனே தவிர அந்த வரியைப் பார்க்கவில்லை. அது என் கணக்கில் தப்பு. நோட்டில் எழுதிவைத்துவிட்டேன்.

நேற்று ஓட்டினேன்.

மூன்றாவது பள்ளத்தில் கரித்துணியைச் சுருட்டி அடைத்தேன். பழக்கத்தில் கை அங்கே போய்விடக் கூடாது அல்லவா. இரண்டிலிருந்து நேராக நான்கு, நான்கிலிருந்து நேராக இரண்டு. முதல் வளைவிலேயே வண்டி தன்னைத் தானே இரண்டு சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். இரண்டில் வைத்தால் என்ஜின் கத்துகிறது, நான்கில் வைத்தால் முனகுகிறது. நாற்பது நிமிடம் கத்தலும் முனகலுமாகவே போனது. ஸ்டீயரிங்கைப் பிடித்த கை இன்னும் வலிக்கிறது, இன்று தோசை திருப்ப முடியவில்லை. பதினைந்தாவது இடம். பெருமைப்பட ஒன்றுமில்லை, மற்ற ஐந்து பேர் நடுவிலேயே நின்றுவிட்டார்கள். ஓடி முடித்தவர்களில் நான்தான் கடைசி. ஆனால் முடித்தேன். பெயர் இருக்கிறது.

முடிந்ததும் திருமுருகன் மைக்கில் கேட்டான்: “சூசை அண்ணா, மூணாவது கியரே போடலையே, என்னா ஆச்சு?” இத்தனை மாதம் நான் எழுதித்தான் பதில் போடுவேன், குரலைக் காட்டியதில்லை. நேற்று மைக்கைப் போட்டேன். “அண்ணா இல்லப்பா, அக்கா. மூணாவது கியருக்கு இன்னும் பின்னு வரல” என்றேன். அப்புறம் யாரோ, “அக்கா, வளைவுல இன்னும் கொஞ்சம் முன்னாடியே பிரேக் புடிங்க” என்றார்கள். சரி என்றேன்.

மைக்கைப் போட எங்கிருந்து தைரியம் வந்தது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. நீ பேப்பரைக் கிழித்துவிட்டு வேறு பேப்பர் எடுத்தாயே, அங்கிருந்துதான்.

அம்சாவிடம் இதெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. எனக்கு எழுதிய மாதிரி அவளுக்கும் நீயே ஒன்று எழுது. மாமா கிளியனூர் வரைக்கும் கொண்டுபோகமாட்டார், அதற்குத் தபால் தலை ஒட்டவேண்டும். ஒன்று இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன்.

நோட்டில் இடப்பக்கம் எழுதினேன்: ‘குடித்தேன். கை நிற்கவில்லை. பின் இல்லை.’ வலப்பக்கம் எழுதினேன்: ‘பையை மூன்று தடவை உதறினேன். பின் இல்லை.’ ஜனவரியிலிருந்து பார்த்துவிட்டேன், இரண்டு பக்கமும் ஒத்துப்போன வரி இது ஒன்றுதான். இதற்குக் கீழே கோடு போட்டு நோட்டை மூடிவிட்டேன். இனி உன்னை அதில் எழுத மாட்டேன்.

அடுத்த பந்தயம் மே மூன்று. அதற்குள் என்று நான் நாள் குறிக்கவில்லை, நீயும் நாற்பது என்று எண்ண வேண்டாம். கை நிற்கிற ஒரு காலையில் போடு. அது எந்தக் கிழமையாக இருந்தாலும் சரி.

துணியை எடுக்காமல் வைத்திருக்கிறேன். அதுவரைக்கும் இரண்டிலிருந்து நான்குக்குப் போக எனக்குத் தெரியும்.

உன் அக்கா,
சூசை மேரி

பி.கு. கருவாட்டுக் குழம்பு தூக்கில் இருக்கிறது. தூக்கைத் திருப்பி அனுப்பும்போது வெறுமனே அனுப்பு, பரவாயில்லை.